லோ பண்ணிய ஃபிட் காருக்கு எந்த டயர் சைஸ் போடுவது?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். கார் ஹொண்டா ஃபிட் ஜி.பி.5 ஹைப்ரிட். காரை 35 மி.மீ. கீழே இறக்கும் ஸ்பிரிங் நாலும் மாற்றி லோ பண்ணியாயிற்று, இப்போது அடியில் 100 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது. கம்பனியிலிருந்து வந்த 185/60 ஆர் 15 டயர் தேய்ந்துபோய்விட்டது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஒருவர் 17 அங்குல ரிம்மோடு 205/40 போடச் சொல்கிறார். கூட்டாளி ஒருவர், "லோ பண்ணினால் சின்ன டயர்தான் போட வேண்டும், இல்லாட்டி மட்கார்டில் உரசும், 195/50 ஆர் 15 எடு" என்கிறார். இதில் எது சரி?

இரண்டையும் எடுக்காதீர்கள். 195/55 ஆர் 15 எடுங்கள். அது கிடைக்காவிட்டால் அதே 185/60 ஆர் 15ஐயே திரும்பப் போடுங்கள். தெமட்டகொடையில் அலைன்மென்ட், அதாவது சில்லுகளின் சாய்வையும் திசையையும் சரிசெய்யும் வேலையில் 18 வருடமாக நிற்கிறேன். லோ பண்ணிய சின்னக் கார்கள் வாராவாரம் வருகின்றன, டயரைப் பார்த்தே கார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஏன் இந்த சைஸ் என்று சொல்கிறேன். காரணம் விளங்கினால்தான் கடையில் நின்று நீங்களே முடிவெடுக்க முடியும்.

முதலில் கூட்டாளி சொன்னதைப் பார்ப்போம். லோ பண்ணினால் சில்லு மட்கார்டுக்குள் முன்னையை விட மேலே போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கார் நிற்கும்போது பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் பெரிய கிடங்கில் விழும்போது சில்லு ஆக மேலே எவ்வளவு போகலாம் என்பதை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. ஸ்பிரிங்கோடு சேர்ந்து குலுக்கலை அடக்கும் ஷொக்கின் தண்டில் ஒரு ரப்பர் துண்டு இருக்கிறது, பம்ப் ஸ்டொப் என்போம். அது நசுங்கி முடிந்த இடத்தில் சில்லு நின்றுவிடும். அந்த ரப்பர் வெட்டுப்படாமல் இருந்தால் உங்கள் சில்லு போகக்கூடிய உச்சம் கம்பனிக் காரில் இருந்த அதே இடம்தான். ஒரு வித்தியாசம் என்னவென்றால், முன்பு மாதத்தில் ஒரு தரம் தொட்ட அந்த உச்சத்தை இப்போது தினமும் தொடுகிறது. ஆகவே கம்பனி அளவு விட்டமுள்ள டயர் கம்பனி ரிம்மில் மேலே உரசுகிறது என்றால், டயரை விட்டுவிட்டு அந்த ரப்பரைப் பாருங்கள். ஸ்பிரிங் மாற்றும்போது "கொஞ்சம் இடம் வரட்டும்" என்று அதைப் பாதியாக வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில நல்ல ஸ்பிரிங் செட்டுகள் அளவாகக் கொஞ்சம் வெட்டச் சொல்லித் தாளிலேயே எழுதியிருக்கும், அது வேறு. தாளில் இல்லாமல் வெட்டியிருந்தால் புது ரப்பர் வாங்கிப் போடுங்கள். டயருக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

இப்போது கணக்கு. 185/60 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 வீதம், அதாவது 111 மி.மீ., ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர். 111, 111, 381 மூன்றையும் கூட்டினால் விட்டம் 603 மி.மீ. இந்த 603ஐ ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எந்த சைஸைச் சொன்னாலும் அதே மாதிரிக் கூட்டி இதோடு ஒப்பிடுங்கள். கூடக்குறைய 2 வீதத்துக்குள், அதாவது 591க்கும் 615க்கும் நடுவில் வந்தால் பேசலாம்.

கூட்டாளியின் 195/50 ஆர் 15 கூட்டினால் 576 வருகிறது. 27 மி.மீ. குறைவு, நாலரை வீதம். விட்டத்தில் 27 குறைந்தால் கார் அதில் பாதி, பதின்மூன்றரை மி.மீ., இன்னும் கீழே இறங்கும். உங்களிடம் இருக்கும் 100 மி.மீ. 86 ஆகிவிடும். மேலே மட்கார்ட் இடைவெளியோ அதே அளவு கூடும். லோ பண்ணினவர் எதற்காக லோ பண்ணினார்? அந்த இடைவெளி குறையத்தானே. சின்ன டயர் அதையும் கெடுத்து, அடியையும் வேகத்தடையில் இடிக்க வைக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. சில்லு சின்னதானால் ஒரு கிலோமீற்றருக்கு அதிக சுற்றுச் சுற்றும். மீற்றர் சுற்றைத்தான் எண்ணுகிறது. நீங்கள் உண்மையில் 1,000 கிலோமீற்றர் ஓடினால் மீற்றர் ஏறக்குறைய 1,047 காட்டும். ஹைப்ரிட் வைத்திருக்கிறவர்கள் லீற்றருக்கு எத்தனை ஓடுகிறது என்று தினமும் பார்ப்போம். உண்மையில் 20 ஓடுகிற கார் 21 என்று காட்டும், "டயர் மாத்தின பிறகு பெற்றோல் குறைஞ்சிட்டுது" என்று சந்தோஷப்படுவோம். அந்த ஒன்று பொய்க்கணக்கு.

பஞ்சிகாவத்தைக்காரரின் 205/40 ஆர் 17 கூட்டினால் 596 கிட்ட வரும். விட்டத்தில் பிழையில்லை. அதை வைத்துத்தான் "சைஸ் மாறாது" என்று விற்கிறார்கள், அந்த அளவுக்கு அவர் சொல்வது உண்மை. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள். கம்பனி டயரில் 111 மி.மீ., இதில் 82. மூன்று சென்றிமீற்றர் ரப்பரும் காற்றும் போய், அந்த இடத்தில் அலுமினியம் வந்திருக்கிறது.

இந்த முழுப் பதிலிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வீதியின் அடியை வாங்க உங்கள் காரில் இரண்டு மெத்தைகள் இருந்தன. ஒன்று ஸ்பிரிங்கின் ஓட்டம், மற்றது டயரின் பக்கச்சுவர். லோ பண்ணியபோது முதல் மெத்தையில் 35 மி.மீ. கொடுத்துவிட்டீர்கள். மிச்சமிருப்பது இரண்டாவது. 17 அங்குலம் போட்டால் அதையும் கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு கிடங்கு நேராக ரிம்மில்தான் அடிக்கும். உயரம் குறைக்காத காரில் 17 அங்குலம் ஓரளவுக்குத் தாங்கும். லோ பண்ணிய காரில், நம்முடைய ஒழுங்கைகளில், தாங்காது. மழைக்குப் பிறகு கொழும்பில் ஓடிப் பாருங்கள். தார் மட்டத்தை விட நாலு விரல் கீழே கிடக்கும் மேன்ஹோல் மூடி, கான் வெட்டி மூடாமல் விட்ட குறுக்குக் கோடு, தண்ணீர் நிற்கிறதா கிடங்கா என்று தெரியாத சேற்றுக் குட்டை. இதில் எதையும் பார்த்து விலத்திக்கொண்டே ஓட முடியாது. பக்கத்தில் த்ரீவீல், பின்னால் பஸ்.

நானும் அனுபவித்துத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என்னுடைய காரும் லோ, 17 அங்குல ரிம், 40 வீதச் சுவர். யாழ்ப்பாணம் போகப் புத்தளம் வழியாக இரவில் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் அம்மாவும் என் மகளும். நொச்சியாகமைக்குக் கிட்ட, எதிரே வந்த லொறியின் வெளிச்சத்தில் கிடங்கு தெரியவில்லை. ஒரே ஒரு அடி. இறங்கி டோர்ச் அடித்துப் பார்த்தேன். முன் இடது ரிம்மின் விளிம்பு உள்ளே மடிந்து நகம் மாதிரி வளைந்திருந்தது. அந்த வளைவுக்கு நேரே பக்கச்சுவரில் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டு, உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் டயர் நசுங்கி வெட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் ஸ்பேர் இருந்ததால் அன்று தப்பினோம். உங்கள் காரில் ஸ்பேர் சில்லு இல்லை. டிக்கியில் காற்றுப் பம்பும் பஞ்சர் அடைக்கும் திரவமும்தான் இருக்கிறது. அந்தத் திரவம் ஆணி ஓட்டையை அடைக்கும், பக்கச்சுவர் வெட்டை அடைக்காது. அந்த நேரத்தில், அந்தக் காட்டு வழியில், அம்மாவையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு வந்த கையோடு 17ஐக் கழற்றி 15 போட்டேன். இன்றுவரை அதுதான்.

சரி, 195/55 ஆர் 15. கூட்டினால் 595.5 வருகிறது. ஒன்றேகால் வீதம்தான் குறைவு. அடி இடைவெளி 4 மி.மீ. கூடக் குறையாது. பக்கச்சுவர் 107, கம்பனி டயரை விட 4 மி.மீ.தான் குறைவு, மெத்தை அப்படியே இருக்கிறது. அகலம் 10 மி.மீ. கூடுவதால் வளைவில் கொஞ்சம் உறுதி கிடைக்கும். மிக முக்கியமாக, இந்த டயர் 5.5 ஜே முதல் 7 ஜே வரையான ரிம்மில் உட்காரும் (ஜேக்கு முன்னால் இருப்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில்). உங்கள் கம்பனி ரிம் 5.5 ஜே. ரிம் மாற்றவே தேவையில்லை. அந்த ரிம்மில் போட்டால் டயர் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று மி.மீ.தான் வெளியே வரும்.

பக்கச்சுவரில் சைஸுக்குப் பின்னால் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும், 84 எச், 85 வி என்ற மாதிரி. எண் ஒரு டயர் தாங்கும் பாரம். 82 என்றால் 475 கிலோ, 84 என்றால் 500, 85 என்றால் 515. கம்பனி டயரின் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். உங்கள் கம்பனி சைஸ் பெரும்பாலும் 84இல் வரும். 195/55 பெரும்பாலும் 85, கூட்டாளி சொன்ன 195/50 பெரும்பாலும் 82. 205/40 ஆர் 17இல் எக்ஸ்.எல்., அதாவது கூடிய பாரத்துக்குப் பலப்படுத்தியது என்று போட்டு 84 எழுதியிருக்கும், அதைக் காட்டி "பாரம் ஒன்றுதான்" என்பார்கள். எக்ஸ்.எல். டயர் அந்த 500 கிலோவைத் தாங்க அதிக காற்று வேண்டும். சாதாரண டயருக்கு அந்தப் பாரம் 250 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தில் கணிக்கப்படுகிறது, எக்ஸ்.எல்.லுக்கு 290இல். பழைய அளவு காற்றையே அடித்துக்கொண்டு ஓடினால் அது எழுதியிருக்கும் பாரத்தைத் தாங்காது. கூட அடித்தால் ஏற்கனவே இறுகிப்போன கார் இன்னும் குதிக்கும். எழுத்து வேகத்துக்கு: எச் 210, வி 240. நம் அதிவேக நெடுஞ்சாலையின் எல்லை 100, அதனால் எழுத்தைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படத் தேவையில்லை.

இனி ரிம். பேசாமல் கம்பனி ரிம்மை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் விருப்பம். ஆனாலும் 17ஐ விட்டாலும் அழகான 15 அங்குல அலாய் ஒன்றைக் கண்டால் உங்களுக்கு மனம் கேட்காது, அது எனக்குத் தெரியும். அப்படியானால் நாலு விஷயம் பாருங்கள்.

ஒப்செட் என்று ரிம்மின் உட்புறத்தில் ஒரு எண் வார்த்திருக்கும், 50, 40, 35 என்று. எண் குறையக் குறைய சில்லு வெளியே தள்ளும். உதாரணமாக, பழைய ரிம் 5.5 ஜே ஒப்செட் 50, புதியது 7 ஜே ஒப்செட் 35 என்று வையுங்கள். அகலம் ஒன்றரை அங்குலம் கூடியதில் ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ., ஒப்செட்டில் 15 மி.மீ., மொத்தம் 34 மி.மீ. வெளியே வருகிறது. லோ பண்ணிய காரில் இது மட்கார்ட் விளிம்பில் நேராக வந்து வெட்டும். நாலு பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்து, பின் சில்லு ஒரு பம்பில் ஏறும்போது 'கர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் இது. 6.5 ஜே, ஒப்செட் 40 என்றால் 23 மி.மீ. அளவில் நிற்கும். நான் அதற்கு மேல் போக மாட்டேன். அதுவும் அளந்து பார்த்த பிறகுதான்.

உரசினால் மட்கார்ட் விளிம்பை உள்ளே மடித்து விடலாம் என்று கராஜில் சொல்வார்கள். நீங்கள் இருப்பது கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில். மடிக்கிற இடத்தில் பெயின்ட் வெடிக்கும், உப்புக்காற்று அந்த வெடிப்புக்குள் போகும், இரண்டு மழைக்காலத்தில் விளிம்பு துருவாக உதிரும். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள்.

நடு ஓட்டையும் நட்டும் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறவை. உங்கள் காருக்கு நாலு நட்டு, 100 மி.மீ. வட்டம். டொயோட்டா விட்ஸும் அதே நாலு 100 என்பதால் "விட்ஸ் ரிம் அப்படியே போகும்" என்று பஞ்சிகாவத்தையில் காட்டுவார்கள். டொயோட்டா ரிம்மின் நடு ஓட்டை 54.1 மி.மீ., அந்த ஓட்டைக்குள் போகும் ஹொண்டாவின் ஹப் 56.1. ஏறாது. கடைசல் போட்டுப் பெருப்பிக்கலாம் என்றால் வேண்டாம் என்று திரும்பி வாருங்கள். வெளிக் கம்பனி அலாய்களில் ஓட்டை பெரிதாக, 73 மி.மீ. போல இருக்கும். ஏறும், ஆனால் ஆடும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் கேட்டு வாங்கிப் போட வேண்டும். போடாவிட்டால் நகரத்துக்குள் ஒன்றும் தெரியாது, கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் ஏறி 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறும். பலன்ஸ் எத்தனை தரம் பண்ணினாலும் போகாது.

நட்டு இன்னும் முக்கியம். ஹொண்டாவின் கம்பனி நட்டின் அடி உருண்டையாக இருக்கும், வெளி அலாய்களின் துளை கூம்பு வடிவம். புரி ஒன்றுதான், 12க்கு 1.5, அதனால் பழைய நட்டு சிக்கலில்லாமல் ஏறும், இறுகின மாதிரியும் தெரியும். ஆனால் உருண்டை கூம்பில் முழுதாகப் படியாது, ஓட ஓடத் தளரும். அலாய் வாங்கினால் கூம்பு நட்டு 16ஐயும் சேர்த்து வாங்குங்கள். கம்பனி ரிம்முக்குத் திரும்பினால் கம்பனி நட்டுக்குத் திரும்புங்கள்.

இனி அளக்கும் விதம். பழைய டயர் இருக்கும்போதே செய்ய வேண்டும், காசு கொடுத்த பிறகு செய்வதில் பிரயோசனம் இல்லை. பிள்ளைகள் விளையாடும் களி ஒரு டப்பா வாங்குங்கள். ஆள்காட்டி விரல் தடிப்பில் உருட்டி, சில்லுக்கு மேலே மட்கார்டின் உள் பிளாஸ்ரிக்கில் மூன்று இடத்தில் ஒட்டுங்கள். முன்பக்கம் என்றால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, டயரின் முன், பின் மூலைகளுக்கு நேரேயும் ஒட்டுங்கள். பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, உங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆகப் பெரிய வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். பிறகு அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்குக்குள் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஒருதரம் இறங்குங்கள், அந்தச் சரிவில்தான் முன் சில்லு ஒரே நேரத்தில் திரும்பவும் நசுங்கவும் செய்யும். இறங்கிப் பாருங்கள். களி நசுங்காமல் இருந்தால் இடம் தாராளம். நசுங்கியிருந்தால் மெல்லப் பிய்த்து அதன் தடிப்பை அளவுகோலில் அளவுங்கள், அதுதான் மிச்சமிருக்கும் இடம். 195/55 போட்டால் மேலே அந்த இடம் 4 மி.மீ. அளவுக்குக் கூடும், பக்கத்தில் 3 மி.மீ. அளவுக்குக் குறையும். கம்பனி ரிம்மில் என்றால் 8 மி.மீ. மிச்சமிருந்தாலும் நான் துணிந்து போடுவேன். வெளிப்பக்கத்துக்கு, மட்கார்ட் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயர் சுவருக்கும் இடையில் எவ்வளவு என்று பாருங்கள்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்கம் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த டயர்கள் பூ, அதாவது வீதியில் படும் பக்கத்தின் வரிப்பள்ளம், ஆழமாக, பளபளப்பாக இருக்கும், எழுத்தைப் பார்த்தால் எட்டு ஒன்பது வயது. ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. மே, ஜூனிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் கொழும்பில் பெய்கிற மழைக்கு இது விளையாட்டில்லை. அகலமான டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதப்பதும் சீக்கிரம் நடக்கும், 205ஐ நான் விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம். பூவின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், அது 1.6 மி.மீ. அடையாளம். அந்த மேடு வரும்வரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள்.

போட்ட அன்றே அலைன்மென்ட் செய்ய வேண்டும். போன மாதம் ஒரு பையன் லோ பண்ணிய காரோடு வந்தான், டயர் வாங்கி 8,000 கிலோமீற்றர். வெளிப்பக்கம் புதுசு மாதிரிப் பூ நிற்கிறது. குனிந்து உள்விளிம்பைத் தடவினேன், கம்பி கையில் குத்தியது. கார் இறங்கும்போது சில்லின் சாய்வும் மாறும், முன் சில்லுகள் பார்க்கும் திசையும் மாறும். சாய்வு கொஞ்சம் கூடினாலும் டயர் தாங்கும். திசை பிழைத்தால் ரப்பரை அழிறப்பர் மாதிரித் தேய்த்துவிடும். உங்கள் காரில் முன்பக்கத் திசையைத் திருத்தலாம், பின்பக்கம் ஒரே அச்சு, திருத்த வழியில்லை. அதனால் முன்பக்கத்தை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள், பெற்றோல் டாங்கி பாதிக்கு மேல் இருக்கும்போது வாருங்கள்.

காற்று, சாரதி கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி. அதில் கிலோபாஸ்கலில் இருக்கும், 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 230 என்றால் 33. லோ பண்ணிய காருக்கு அதிலிருந்து ஒரு பி.எஸ்.ஐ. கூட வைக்கலாம், குறைக்கவே கூடாது. ரிம்மைக் காப்பாற்றுவது அந்தக் காற்றுத்தான்.

நட்டுகளை 108 நியூட்டன் மீற்றரில் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள், காற்றுத் துப்பாக்கியால் மட்டும் விட்டுவிடக் கூடாது. 100 கிலோமீற்றர் ஓடியபின் வந்து ஒருதரம் திரும்ப இறுக்குங்கள். அப்போதே சில்லைக் கழற்றி உள் பிளாஸ்ரிக்கை டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது ஒரு இடம் மட்டும் கறுத்து மினுங்கினால் அங்கே டயர் தொடுகிறது. அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.